ஐந்தாம் எண் வாள்

தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகுகள்
நங்கூரக் கயிற்றில் சும்மா ஆடிக்கொண்டிருக்கின்றன.
ஐஸ் கம்பெனியின் பின்னறை
எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது அதனால்தான்.
கட்டி உடைக்கும் இடத்தில் இப்போது
பதினோரு வாள்கள் ஆணியில் தொங்குகின்றன.
ஒன்றுக்கும் கூர் கிடையாது.
வெண்டைக்காய்கூட நறுங்காது.

துடைப்பது இந்த வாரம் என் முறை.

இரும்பில் ஒன்றுமில்லை.
துரு வந்தால் தேய், போ.
பிடிதான் வேலை வாங்கும்.
ஆட்டுத்தோல். யார் யார் வியர்வையோ
கடற்காற்றின் உப்போடு சேர்ந்து
ஓரங்களில் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது
உப்பளத்து வரப்பு மாதிரி.

பழைய பனியனைக் கிழித்து, நனைத்து,
முறுக்கிப் பிழிந்து, சொட்டாத ஈரத்தில் ஒருமுறை.
தண்ணீர் நின்றால் தோல் ஊதும்.
தையல் இடுக்குக்குப் பல் விளக்கும் பிரஷ்.
பிறகு நிழல்.
எவ்வளவு அவசரம் என்றாலும் வெயில் கூடாது,
வெயிலில் கருவாடுதான் காயலாம்.
காய்ந்தபின், விளக்கெண்ணெயும் தேன்மெழுகும்
உருக்கி வைத்த டப்பாவிலிருந்து
ஒரு மிளகளவு. அவ்வளவே.

போன மாதம் ஜெய்லானி அள்ளிப் பூசினான்,
அதுவும் தேங்காய் எண்ணெய்.
மறுநாள் மூன்று வாளில் எறும்பு.
'எதிராளியைக் கடிக்கட்டுமே' என்றான்.
கடி வாங்கியது அவன்தான்.

துடைக்கத் துடைக்கக் கைகள் தெரிகின்றன.
இரண்டாம் எண்ணின் தோல் சொரசொரப்பு,
நைலான் கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை.
ஏழாம் எண் கடையில் இருந்த மேனிக்கு இருக்கிறது.
அதன் ஆள் பயிற்சிக்கு வந்து செல்போன் பார்க்கிறவன்.

ஐந்தாம் எண் பிளாரன்சுடையது.
நாளை பரமக்குடியில் எனக்கு எதிரே நிற்கப்போகிறவள்.

மூன்று விரல் வரைக்கும் கறுத்து மினுங்குகிறது.
அதற்குக் கீழே, சுண்டுவிரல் படவேண்டிய இடம்
வாங்கிய அன்றைய நிறத்தில்,
ஒரு சுருக்கம் இல்லாமல், வறண்டு.
நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிறாள்.
தை மாதம் ஒருநாள் விரலில் துணி சுற்றி வந்தாள்.
'ஒண்ணுமில்ல' என்றாள்.
ஒண்ணுமில்லை என்றது மூன்று மாதமாக மூடவில்லை.

வாள் எங்கே அவிழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.
கீழிருந்து மேலாக, பிடிக்குப் பக்கத்தில்
ஒரு தட்டு.
ஒரே ஒரு தட்டு.

துணியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.
சோழகம் மணலை வாரிக்கொண்டிருந்தது.
பாலத்தை நோக்கி ரயில் ஒன்று
தயங்கித் தயங்கிப் போனது.

திரும்பி வந்து என் வாளை எடுத்தேன். ஒன்பது.
கட்டைவிரல் ஊன்றும் இடத்தில்
தோல் குழிந்து, நடுவில் பிளந்திருக்கும்.
பயம் அப்படித்தான் பிடிக்கும்,
வெண்டைக்காய் நறுக்காத வாளையும்
குரல்வளையை நெரிப்பதுபோல.

பிளவைக் காணோம்.
மெழுகு நூலில் நான்கு தையல்.
நண்டுச் சதையை முறியாமல் உருவுகிற விரல்களின்
நெருக்கமான நான்கு தையல்.

போன வாரம் அவள் முறை.

அப்படியானால் அவளும் படித்துவிட்டாள்.
படித்து, தைத்து, ஆணியில் மாட்டிவிட்டு,
'பஸ்ஸு ஆறு மணிக்கா, ஆறரைக்கா?' என்றுதான்
என்னிடம் கேட்டாள்.

டப்பாவைத் திறந்தேன்.
கை படாத தோல்தான் முதலில் வெடிக்கும்.
ஐந்தாம் எண்ணின் அந்த வெளிறிய இடத்தில்
இரண்டு மிளகளவு வைத்து
விரல் சுடும்வரை தேய்த்தேன்.

நாளைக்குத் தட்டுவேனா?
தட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.
அவளும் என் கட்டைவிரலைத் தேடித்தான் வருவாள்.

விளக்கை அணைக்கப் போனபோது ஞாபகம் வந்தது.
அடுத்த வாரம் ஜெய்லானி முறை.
தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து
என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.